உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை டப்பாவுக்கு வெளியே கவனம் ஒளிந்திருக்கும் இடங்கள்!

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரா தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் ரோடு முடிந்துவிடும். அதுதான் போனக்காடு! பழைய தேயிலை எஸ்டேட். அதற்கு மேல் காலை நம்பித்தான் போக வேண்டும். அங்கே கிளம்பும் காட்டுப்பாதை அகத்தியர்கூடத்தின் உச்சிக்கே கொண்டுபோய் விடுகிறது. உயரம் 1,868 மீட்டர்!

'எதிலும் மனசு நிக்க மாட்டேங்குது' என்று தவிக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் இந்தக் காட்டுப்பாதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. பெரிய சம்பந்தம்!

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 38 மாணவர்களை ஒரு நாள் மரங்களுக்கு நடுவே நடக்க விட்டார்கள். இன்னொரு நாள் வண்டிகள் இரையும் டவுன் தெருவில். நடந்து திரும்பியதும் ஒரு சோதனை: சொல்லும் எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வேண்டும். மரத்தடி நடைக்குப் பிறகு மதிப்பெண் சுமார் 20 சதவீதம் எகிறியது! டவுன் நடைக்கு அந்த ஏற்றம் இல்லவே இல்லை. 2008-இல் வெளியான முடிவு இது!

அவர்கள் கவனக் குறைபாடு இல்லாத மாணவர்கள். குறைபாடு உள்ளவர்களுக்கு? அடுத்த ஆண்டே பதில் வந்தது. ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் இந்தக் குறைபாடு உள்ள 17 குழந்தைகள். பூங்கா, கடைத்தெரு, குடியிருப்புத் தெரு என மூன்று இடங்களில் நடை. ஜெயித்தது பூங்கா! நடந்த நேரம் வெறும் 20 நிமிடம்!

இது குழந்தைகள் சமாசாரம் என்றுதானே நினைத்தீர்கள்? உலகம் முழுக்க இந்த அறிகுறிகளோடு வாழும் பெரியவர்கள் 36 கோடியே 60 லட்சம் பேர் என்று 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மொத்த ஜனத்தொகையை விட அதிகம்!

'மாமன்னன்' படத்தில் நம்மை மிரட்டினாரே, நடிகர் பகத் பாசில்! 2024 மே மாதம். கேரளத்தின் கோதமங்கலத்தில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தின் திறப்பு விழா. மேடையிலேயே அவர் சொன்னார், தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று. எந்த வயதில் தெரியுமா? 41!

பள்ளிக்கூடத்தில் 'துறுதுறு', வீட்டில் 'சோம்பேறி', ஆபீசில் 'பொறுப்பில்லாதவர்'. இந்தப் பட்டங்களை வாங்கிக்கொண்டே வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்வதைக் கேளுங்கள். இந்தக் குறைபாட்டில் மரபணுவின் பங்கு சுமார் 74 சதவீதம்! கிட்டத்தட்ட நம் உயரம் மாதிரி. யாராவது குட்டையாக இருப்பதற்காகத் திட்டுவோமா?

கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதிய மிகப் பழைய வைத்தியக் குறிப்பு எந்தக் காலத்தது? 1775! ஜெர்மன் மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைகார்ட் எழுதினார். இரும்புத் தூளும் சிங்கோனாப் பட்டையும் அதில் உண்டு. கூடவே என்னவெல்லாம் சொன்னார் தெரியுமா? சத்தமில்லாத இடம், குளிர்ந்த நீரில் குளியல், உடற்பயிற்சி, குதிரைச் சவாரி! கட்டபொம்மன் அப்போது 15 வயதுப் பையன்!

ஃபிராங்க்ஃபர்ட் டாக்டர் ஹைன்ரிக் ஹாஃப்மன் 1844 கிறிஸ்துமசுக்கு மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் தேடினார். ஒன்றும் பிடிக்கவில்லை. தானே எழுதி, தானே வரைந்தார்! அது அச்சாகி வந்த பிறகு, பின்னாளைய பதிப்பில் சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டே இருக்கும் பிலிப் என்ற பையனும் சேர்ந்துகொண்டான். இன்றும் ஜெர்மனியில் ஏ.டி.எச்.டி.க்குச் செல்லப் பெயர் அவன் பெயர்தான்!

ஏ.டி.எச்.டி.க்குத் தரும் உலகப் புகழ்பெற்ற 'ரிட்டாலின்' மாத்திரைக்கு ஒரு மனைவியின் பெயர்! 1944-இல் அதை உருவாக்கியவர் லியாண்ட்ரோ பானிசான். மனைவி மார்கரீத்தைச் செல்லமாக 'ரீட்டா' என்பார். டென்னிஸ் ஆடுவதற்கு முன்னால் அந்த அம்மாள் அதை விழுங்குவாராம்!

மாத்திரை கதை போதும். மாத்திரை இல்லாத கதைக்கு வாருங்கள். இங்கேதான் சுவாரசியமே!

பாஸ்டன் நகரம். 86 பெரியவர்கள். எல்லோரும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சாப்பிட்டும் அறிகுறி விடவில்லை! ஸ்டீவன் சாஃப்ரன் குழு அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நடத்தை மாற்றப் பேச்சு சிகிச்சை, சி.பி.டி. என்பார்களே, அது. மறு பாதிக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. இரண்டுக்கும் 12 அமர்வு. கடைசியில் எண்ணிப் பார்த்தால், தளர்வுப் பயிற்சிக்காரர்களில் தேறியவர்கள் 33 சதவீதம். பேச்சு சிகிச்சைக்காரர்களில்? 67 சதவீதம்! ஏறக்குறைய இரண்டு மடங்கு! 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வந்தது!

அந்தச் சிகிச்சையில் ஏதோ பெரிய ரகசியம் இருக்கும் என்றுதானே தோன்றுகிறது? ஒரு கருவி என்ன தெரியுமா? ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வண்ணப் பொட்டு ஸ்டிக்கர்! கம்ப்யூட்டரில் ஒன்று, டெலிபோனில் ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் படும்போதெல்லாம் 'செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறேனா?' என்று தன்னையே ஒரு கேள்வி. அவ்வளவுதான்!

இன்னொன்று இதைவிடப் பிரமாதம். உங்களால் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கடிகாரம் வைத்து அளக்கச் சொல்கிறார்கள். பத்து நிமிடமா? வெட்கப்படவே வேண்டாம்! வேலையைப் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்கு! நடுவில் 'கரண்ட் பில் கட்டலையே' என்று மனம் கிளம்பினால் பக்கத்துத் தாளில் எழுதிப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பு. துண்டு முடிந்த பிறகு அந்தத் தாளைப் பார்!

நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். முந்தானையில் ஒரு முடிச்சு! இடுப்பில் உறுத்தும்போதெல்லாம் 'என்னவோ வாங்கணுமே' என்று ஞாபகம் வரும். பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு. மாவு மில்லுக்குப் போகும் தூக்கைத் தலைவாசலிலேயே வைப்பது. நினைவை மண்டைக்குள் வைக்காதே, கண்ணெதிரே வை! ஏ.டி.எச்.டி. ஆய்வில் பெரிய பெயரான ரஸ்ஸல் பார்க்லி ஊர் ஊராகப் போய்ச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். பாட்டி முந்திக்கொண்டாள்!

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை. மேரி சொலாண்டோ 88 பெரியவர்களை எடுத்துக்கொண்டார். ஒரு பாதிக்கு டைரி எழுதுவது, நேரம் பிரிப்பது, பெரிய வேலையைச் சின்னதாக உடைப்பது என்று 12 வாரக் குழு வகுப்பு. நன்றாகத் தேறியவர்கள் 42 சதவீதம்! வெறுமனே கூடிப் பேசி ஆறுதல் பெற்ற மறு பாதியில் 12 சதவீதம்தான்!

'நாளைக்கு நடக்கப் போவேன்' என்று சொல்லாதீர்கள். 'காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பை மாட்டுவேன்' என்று சொல்லிப் பாருங்கள்! 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்னும் இந்தச் சின்ன வாக்கியத்துக்கே ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் ஆரம்பித்தார். 2006-இல் எண்ணியபோது இதற்கு 94 சோதனைகள் இருந்தன! ஏ.டி.எச்.டி. குழந்தைகளிடமும் செய்து பார்த்தார்கள். பலித்தது!

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. உலகமே பின்பற்றும் இந்த 'பொமோடோரோ' முறைக்கு அப்பெயர் எப்படி வந்தது? 1980-களின் கடைசியில் இத்தாலிய மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ படிக்க உட்கார்ந்தபோது கையில் அகப்பட்டது அடுப்படி டைமர். தக்காளி வடிவம்! இத்தாலியில் பொமோடோரோ என்றால் தக்காளி!

கவனக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காலமே கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். அஞ்சு நிமிஷம் என்று உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும்! தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எஸ்டேட் சங்கு! எழுந்திருக்க ஒரு சங்கு, வேலைக்கு ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டிலும் கடிகாரம் இல்லாவிட்டாலும் யாருக்கும் நேரம் தப்பாது. காலம் காதுக்குள் வந்துவிடும்! இன்று அதே வேலையைச் செய்கிறது உங்கள் செல்போன் அலாரம்.

தனியாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஓடாது. பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அத்தியாயமே முடியும்! அவர் உதவ வேண்டாம். பேசவும் வேண்டாம். ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் உலகெங்கும் கையாளும் உத்தி இது. முன்பின் தெரியாத இருவர் வீடியோவில் ஒருவரையொருவர் பார்த்தபடி அவரவர் வேலையைச் செய்ய இணையத்தில் தனிச் சேவையே நடக்கிறது! நம் ஊரில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று: கம்பைண்ட் ஸ்டடி!

அமைதியாக இருந்தால்தான் கவனம் வருமா? கேளுங்கள் இதை! மழை 'சோ'வென்று கொட்டுகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். 13 ஆய்வுகள், 335 பேர். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் செயல்திறன் அந்த இரைச்சலில் கொஞ்சம் கூடியது! குறைபாடு இல்லாதவர்களுக்கு? குறைந்தது! 2024-இல் தொகுத்த கணக்கு. ஒருவருக்கு உதவும் சத்தம் இன்னொருவருக்குத் தொல்லை!

மீட்டிங்கில் நோட்டு ஓரத்தில் கிறுக்குகிறவரைத் திட்டாதீர்கள்! இங்கிலாந்தில் 2009-இல் 40 பேருக்கு அறுவையான ஒரு போன் பேச்சைக் கேட்க வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தாளில் கட்டங்களை நிரப்பும் வேலையும் கொடுத்தார்கள். அப்புறம் 'என்ன கேட்டீர்கள்?' என்று கேட்டால், கிறுக்கியவர்கள் 29 சதவீதம் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்!

போனக்காட்டுக்கு வாருங்கள் மறுபடி. தேயிலையில் காஃபின் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தியானின்? 1949-இல் ஜப்பானில் தேயிலையில் கண்டுபிடித்தார்கள்! காஃபின் விரட்டும், தியானின் அமைதிப்படுத்தும். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்த ஜோடி கவனத்துக்கு என்ன செய்கிறது என்று பல ஆண்டுகளாகத் துருவுகிறார்கள். 2020-இல் ஏ.டி.எச்.டி. சிறுவர்களுக்குக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்த முடிவு வந்தது. இரண்டும் சேர்ந்தபோது கவனம் முன்னேறியது! அவசரப்பட்டு நாலாவது டீக்கு எழுந்துவிடாதீர்கள். சோதனையில் இருந்த சிறுவர்கள் மொத்தம் 5 பேர்!

இதே அகத்தியமலைக் காட்டில் 1987-இல் ஒரு விஞ்ஞானிகள் குழு ஏறியது. வழிகாட்டியவர்கள் காணிப் பழங்குடியினர். விஞ்ஞானிகளுக்கு நாக்கு தள்ளியது. காணிகளோ ஏதோ ஒரு சின்னக் காயை மென்றபடி சளைக்காமல் ஏறிக்கொண்டே இருந்தார்கள்! என்ன காய் என்று கேட்டால் சொல்லவே மாட்டோம் என்றார்கள். கெஞ்சிய பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப் பச்சை! பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் சரிபாதி காணிகளுக்கு! பழங்குடியின் அறிவுக்கு இப்படிப் பங்கு கொடுத்ததை உலகமே திரும்பிப் பார்த்தது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: அது களைப்புக்கான செடி. கவனக் குறைபாட்டைத் தீர்க்கும் என்று யாராவது பாட்டில் நீட்டினால் வாங்காதீர்கள்!

காட்டில் காய் தேடுவது என்றதும் இன்னொன்று! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 457 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தார்கள். திரையில் புதர். பழம் பறிக்க வேண்டும். பறிக்கப் பறிக்கப் புதர் வறண்டு போகும். அதிலேயே நிற்பதா, அடுத்த புதருக்குப் போவதா? எட்டே நிமிடம்! கவனக் குறைபாட்டு அறிகுறி கூடுதலாக உள்ளவர்கள் பொறுமையிழந்து சீக்கிரமே அடுத்த புதருக்குத் தாவினார்கள். கடைசியில் கூடையில் யாருக்குப் பழம் அதிகம்? தாவியவர்களுக்கு! 2024-இல் வந்த முடிவு. படித்துவிட்டு அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன்!

கென்யாவில் அரியால் என்றொரு கால்நடை மேய்க்கும் இனம். சிலர் இன்னும் நாடோடிகள், சிலர் ஊரில் தங்கிவிட்டார்கள். ஏ.டி.எச்.டி.யோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஒரு மரபணு வடிவம் நாடோடி ஆண்களிடம் இருந்தால் உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. தங்கிவிட்ட ஆண்களிடம் அதே மரபணு இருந்தால்? மெலிந்திருந்தார்கள்! 2008-இல் கண்டது. மரபணு ஒன்றுதான், இடம்தான் வேறு!

கவனத்தை வித்தையாகவே ஆக்கிய இனம் எது? நாம்! அவதானம் என்கிறோம், கவனகம் என்கிறோம். முதுகில் விழும் கல்லை எண்ண வேண்டும். அடிக்கும் மணியை எண்ண வேண்டும். கேட்ட கணக்குக்கு விடை, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா, நடுவில் குறுக்குக் கேள்வி. எல்லாம் ஒரே நேரத்தில்! எட்டு வேலை என்றால் அட்டாவதானம். பத்து என்றால் தசாவதானம். நூறு என்றால் சதாவதானம்! 1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா ஹால். அறிஞர்கள் கூடிய சபையில் அந்த நூறையும் செய்து காட்டினார் செய்குத்தம்பிப் பாவலர். எந்த ஊர்? நாகர்கோவில் இடலாக்குடி! அன்றைக்கு அதுவும் திருவிதாங்கூர், போனக்காடும் திருவிதாங்கூர். ஒரே ராஜ்யம்! 2008-இல் அவருக்கு அஞ்சல்தலையும் வந்தாயிற்று. இன்னமும் அந்தப் பெயரைக் கேள்விப்படாத தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்படியானால் கம்ப்யூட்டரில் ஞாபகசக்தி விளையாட்டு ஆடினால் நாமும் பாவலர் ஆகலாமா? அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகலாம். அந்த விளையாட்டில் மட்டும்! அன்றாட வேலைக்கு அந்தத் திறமை பெரிதாக இடம் மாறுவதில்லை என்று தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

ஒரு நிமிடம் சும்மா உட்கார முடியாதவர்களைத் தியானத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பாதியில் ஓடிவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்! கலிபோர்னியாவில் லிடியா சைலோவ்ஸ்கா அனுப்பினார். 24 பெரியவர்கள், 8 பதின்வயதினர். 8 வாரம். முதலில் 5 நிமிடம், பிறகு 10, அப்புறம் 15. உட்காரப் பிடிக்கவில்லையா, நடந்துகொண்டே தியானம் செய்! 32 பேரில் கடைசி வரை இருந்தவர்கள் 25 பேர்!

நெதர்லாந்தில் 120 பெரியவர்கள். வழக்கமான சிகிச்சையோடு 8 வாரத் தியானப் பயிற்சியும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு அறிகுறி நன்றாகத் தணிந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில்? 4 சதவீதம்!

தலையில் கம்பிகளை ஒட்டி, மூளை அலைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே அடக்கப் பழகும் 'நியூரோஃபீட்பேக்'. பணம் கொட்ட வேண்டிய சிகிச்சை! ஜெர்மனியின் டூபிங்கனில் 118 பெரியவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு நிஜ நியூரோஃபீட்பேக். இரண்டாவது குழுவுக்குப் போலி. மூன்றாவது குழுவுக்குப் பேச்சு சிகிச்சை. மூன்று குழுவுக்கும் அறிகுறி குறைந்தது. நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசம்? பூஜ்யம்! 2017, 'லான்செட் சைக்கியாட்ரி' இதழ்!

இந்த நியூரோஃபீட்பேக்கின் முதல் மாணவர்கள் யார்? பூனைகள்! 1960-களில் பேரி ஸ்டெர்மன் பூனைகளுக்குப் பால் கொடுத்து ஒரு வகை மூளை அலையை வரவழைக்கப் பழக்கினார். பிறகு வேறொரு வேலைக்காக ராக்கெட் எரிபொருள் நஞ்சைச் சோதித்தபோது, பழகிய பூனைகளுக்கு மட்டும் வலிப்பு லேசில் வரவில்லை!

டாக்டர் சீட்டில் வீடியோ கேம்! 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 8 முதல் 12 வயது ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டை அனுமதித்தது. 2024-இல் பெரியவர்களுக்கும் ஒன்று வந்துவிட்டது. அதற்குச் சீட்டே வேண்டாம்!

பிரேசிலில் 64 பெரியவர்கள் வீட்டிலேயே தொப்பி மாட்டிக்கொண்டு தலைக்கு மிக மெல்லிய மின்சாரம் பாய்ச்சிக்கொண்டார்கள். ஒரு தடவைக்கு 30 நிமிடம், மொத்தம் 28 தடவை. கவனமின்மை குறைந்தது! பேட்டரியும் வயரும் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது அது!

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஏ.டி.எச்.டி. அறிகுறியுள்ள 32 இளைஞர்களை 20 நிமிடம் சைக்கிள் மிதிக்க விட்டார்கள். கவனம் கூடியதா? இல்லை! ஆனால் வேலை செய்யும் ஆசை கூடியது! குழப்பமும் அசதியும் குறைந்தன. தொடங்கவே முடியாமல் கிடப்பவர்களுக்கு அந்த ஆசை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் மூளை விழிக்கிறதா? ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலருக்கு உடம்பின் தூக்கக் கடிகாரமே சுமார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஓடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்! கனடாவில் 29 பேரை மூன்று வாரம் காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்கார வைத்தார்கள். தூக்கக் கடிகாரம் முன்னே நகர்ந்தது, கவனக் குறைபாட்டு அறிகுறியும் தணிந்தது! நமக்கு விளக்கு எதற்கு? வாசலில் வெயில் சும்மா கிடக்கிறது!

சர்க்கரை தின்றால் பிள்ளைகள் துள்ளும் என்பது பொய்! 23 சோதனைகளை 1995-இல் ஒன்றாக அலசினார்கள். நடத்தையில் மாற்றம் இல்லை. இன்னொரு ஆய்வில், சர்க்கரையே கொடுக்காமல் 'கொடுத்தோம்' என்று தாய்மாரிடம் சொன்னார்கள். பிள்ளை துள்ளுவதாக அம்மாக்களுக்குத் தோன்றியது!

இத்தனையும் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியப் போகிறீர்களா? நில்லுங்கள்! 2025-இல் 113 சோதனைகள், 14,887 பெரியவர்கள் என்று ஒரு பிரம்மாண்டக் கணக்கு வந்தது. குறுகிய காலத்தில் நோயாளியும் 'குறைந்தது' என்றார், மருத்துவரும் 'குறைந்தது' என்றார் என்ற இரட்டைச் சான்றிதழ் வாங்கியவை மாத்திரைகள்தான்! பேச்சு சிகிச்சை, தியானம் எல்லாம் மருத்துவர் கண்ணுக்குப் பலனளித்தன. நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டில் அந்த அளவு தெரியவில்லை.

ஜெர்மனியில் 400-க்கும் அதிகமான பெரியவர்களை வைத்து 2015-இல் முடிவு சொன்னார்கள். விரிவான குழு சிகிச்சைக்கும், மருத்துவர் தனியாகப் பார்த்துப் பேசி அனுப்பும் சாதாரணச் சந்திப்புக்கும் பலனில் வித்தியாசம் காணோம்! அக்கறையாகக் கேட்கும் ஒரு மருத்துவருக்கு அவ்வளவு பலம்!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு ஆவேசமாகச் சொல்கிறேன்? இங்கிலாந்தில் ஏ.டி.எச்.டி. உறுதிசெய்யப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகளை அலசி 2025-இல் ஓர் எண் வந்தது. மற்றவர்களை விட ஆண்களுக்குச் சராசரி ஆயுள் சுமார் 7 ஆண்டு குறைவு. பெண்களுக்கு 8 ஆண்டுக்கும் மேல்!

நியூசிலாந்தின் டனேடினில் ஓராண்டு இடைவெளிக்குள் பிறந்த 1,037 பேரைச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்கிறார்கள். 38 வயதில் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் முழுதாக இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிறு வயதில் அது இருந்ததாகப் பதிவே இல்லை! நிபுணர்கள் இன்னும் இதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள்!

உலக சுகாதார நிறுவனத்தின் முதல் கட்டச் சோதனையில் எத்தனை கேள்வி? ஆறே ஆறு! அதில் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் குறைபாட்டை உறுதிசெய்ய, குழந்தை என்றால் 6 அறிகுறி வேண்டும்; பெரியவருக்கு 5 போதும்!

யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையா? 14416! மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்!

போனக்காட்டுப் பாதை எப்போது திறக்கும்? பொதுவாக ஜனவரியில்! வனத்துறையிடம் முன்பதிவு கட்டாயம். அதிருமலை முகாமில் தங்கி, உச்சி ஏறி, திரும்பி வர மூன்று நாள். 'அட்டை கடிக்கும், கால் வலிக்கும், எனக்கு நடையே பிடிக்காது' என்கிறீர்களா? அந்த மிச்சிகன் மாணவர்களில் சிலர் நடந்தது உறையவைக்கும் ஜனவரிக் குளிரில். பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 4 டிகிரி! நடை பிடிக்கவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கவனத்துக்குக் கிடைத்த பலன்? வெயில் காலத்தில் ரசித்து நடந்தவர்களுக்குக் கிடைத்த அதே அளவு!